துடுப்பும் ரோபோவும்

பழவேற்காடு ஏரியில், படகின் விளிம்பில் கட்டிய துடுப்பை வலிப்பவரைக் கவனியுங்கள். கைப்பிடியை அவர் ஒரு பக்கம் இழுக்க, நீரிலுள்ள முனை எதிர்ப்பக்கம் செல்கிறது. துடுப்பு ஒரு நெம்புகோல். படகின் விளிம்பு அதன் ஆதாரப்புள்ளி.

பெண்களின் கருப்பைப் புற்றுநோயை வயிற்றில் சிறு துளைகளிட்டு அகற்றும் மருத்துவருக்கும் இந்த நெம்புகோல்தான் தொல்லை. துளையே ஆதாரப்புள்ளி. கை இடப்புறம் அசைந்தால், நீண்ட கருவியின் முனை வலப்புறம் போகும். கைநடுக்கமும் முனைக்குப் போய்ச் சேரும்.

ரோபோ என்ன செய்கிறது?

மருத்துவர் சற்றுத் தள்ளி ஒரு மேடையில் அமர்கிறார். இரட்டை லென்சுக் காமிரா இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் தருவதால் ஆழம் தெரிகிறது. அவருடைய கையசைவைக் கணிப்பொறி சைகைகளாக மாற்றுகிறது, திசையைச் சரிசெய்கிறது, நடுக்கத்தை வடிகட்டுகிறது. கை 3 செ.மீ. நகர்ந்தால் முனை 1 செ.மீ. மட்டுமே நகருமாறும் அமைக்கலாம். முனை மணிக்கட்டுப்போல் வளையும். பெயர்தான் ரோபோ, தானாக எதையும் வெட்டாது!

அமெரிக்காவில் 2005இல் பெண்நோய் அறுவைக்கு இக்கருவி அனுமதி பெற்றது. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவை மையம் தொடங்கியது. பழவேற்காட்டிலிருந்து அது ஏறக்குறைய 60 கி.மீ.

புதியதெல்லாம் சிறந்ததா?

கருப்பையின் உட்சவ்வில் தோன்றும் புற்றுநோய்க்குத் துளைவழி அறுவை நல்ல பலன் தருகிறது. காயம் சிறிது, இரத்த இழப்பு குறைவு, விரைவில் வீடு திரும்பலாம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயிலோ கதை வேறு. தொடக்க நிலையிலிருந்த 631 பெண்களை ஆராய்ந்த முடிவு 2018இல் வெளியாயிற்று. நாலரை ஆண்டுகளுக்குப் பின், வயிற்றைத் திறந்து அறுவை செய்தோரில் 96.5 சதவீதத்தினர் நோயின்றி இருந்தனர். துளைவழி அறுவையில் (ரோபோவும் இதில் அடக்கம்) 86 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தனர். எனவே இந்நோய்க்குத் திறந்த அறுவையே மீண்டும் முதலிடம் பெற்றது. கருவியின் நுட்பம் வேறு. நோயாளிக்குக் கிட்டும் பயன் வேறு. பின்னதை அளந்தே அறியவேண்டும்.

அறுவைக்கு முன்பே

கருப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. என்ற வைரசால் பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவினால், மாறுதலடைந்த பகுதி வெண்மையாகும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் இச்சோதனையைச் செய்தனர். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் நேரும் சாவு, மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

இச்சோதனை ஆரம்பச் சுகாதார நிலையங்களில் இலவசம். ஏரிக்கரைக் குப்பமானாலும் நகரமானாலும், 30 வயது கடந்த உங்கள் தாயாரிடம் இதை இன்றே கூறுங்கள்.