கொட்டகை வளர்த்த பிள்ளைகள் – 7: அப்பாவின் பக்கத்து இருக்கை

நியூயார்க் நகரின் எலிசபெத் தெருவில் மற்றப் பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்த பையன் மார்ட்டின் ஸ்கோர்செஸி. 1942 நவம்பரில் பிறந்தவனுக்குச் சின்ன வயதிலேயே ஆஸ்துமா வந்துவிட்டது. ஓடக்கூடாது, நாய் பூனையை நெருங்கக்கூடாது. அப்பா சார்லஸ், ஆயத்த ஆடைக் கம்பெனிகளில் துணிகளுக்கு இஸ்திரி போடும் தொழிலாளி. அம்மா கேத்தரின் தையல் வேலை செய்தவர். இருவருமே சிசிலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் புத்தகம் என்று ஒன்றும் கிடையாது. இப்படிப்பட்ட பிள்ளையை எங்கேதான் கூட்டிப்போவது? தியேட்டருக்குக் கூட்டிப்போனார்கள்.

நினைவில் நின்ற முதல் படங்களில் ஒன்று, ‘டூயல் இன் தி சன்’. கிங் விடோர் இயக்கிய கௌபாய் படம். கத்தோலிக்கத் திருச்சபை கண்டித்த படமும்கூட. தேவாலயத்துக்குத் தவறாமல் போகும் குடும்பத்தில் அதைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. பையனுக்குக் கௌபாய் படம் என்றால் உயிர், அவனுக்காகத்தான் போகிறோம் என்று ஒரு காரணம் வைத்துக்கொண்டு அம்மா கூட்டிப்போனார். அவனுக்கு வயது நான்கு. காதலர் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு சாகும் கடைசிக் காட்சியில் கண்ணைப் பொத்திக்கொண்டான். ஆனால் மறக்கவில்லை. 1995இல் அமெரிக்க சினிமாவைப் பற்றி அவர் எடுத்த நீண்ட ஆவணப்படத்தின் தொடக்கத்திலேயே இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அம்மா ஆரம்பித்துவைத்தார். தொடர்ந்து கூட்டிப்போனவர் அப்பா. வேலை முடிந்து களைத்து வருகிற, அதிகம் பேசாத மனிதர். மகனோடு ஓடி விளையாட வழியில்லை, உட்கார வைத்துக் கதை சொல்லும் பழக்கமும் இல்லை. இருவரும் அருகருகே உட்கார்ந்து ஒரே திசையில் பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்த நாட்களில் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் இடைவிடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பாதிக் கதையில் நுழைந்து, முடிவைப் பார்த்து, பிறகு தொடக்கத்தைப் பார்த்து, தாங்கள் நுழைந்த இடம் திரும்ப வந்ததும் எழுந்து வருவார்கள்.

அப்படி அப்பாவோடு பார்த்த ஒரு படம், நம் ஊரோடு தொடர்புடையது. 1951இல் வெளியான ‘தி ரிவர்’. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் வங்காளத்தின் ஹூக்ளிக் கரையில் எடுத்தது, இந்தியாவில் உருவான முதல் டெக்னிகலர் படம். இடம் தேடி அலைந்த ரெனுவாருக்குத் துணையாகப் போன இளைஞர்தான் சத்யஜித் ராய். படத்தில் மெலனி என்ற பெண்ணாக நடித்து, பரதம் ஆடியவர் ராதா. சென்னை அடையாறில் பிறந்தவர், ருக்மிணி தேவி அருண்டேலின் அண்ணன் மகள், கலாக்ஷேத்ராவின் தொடக்ககால மாணவி. பின்னாளில் ராதா பர்னியர் என்ற பெயரில் 1980 முதல் 2013இல் மறையும்வரை பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவரும் இவரே.

சில தெருக்களுக்கு அப்பால் உலகத்தையே பார்த்திராத ஒன்பது வயது இத்தாலியப் பையனின் கண்முன், அடையாறில் கற்ற அரைமண்டியும் அபிநயமும் வண்ணத்தில் விரிந்தன. ‘தி ரிவர்’, ‘தி ரெட் ஷூஸ்’ ஆகிய இரண்டையும் வண்ணப் படங்களிலேயே மிக அழகானவை என்று ஸ்கோர்செஸி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். இரண்டிலும் நடனம் இருக்கிறது. இரண்டையும் அவன் பார்த்தபோது பக்கத்து இருக்கையில் அப்பா இருந்தார். ஸ்கோர்செஸியின் சினிமா மேதைமையைப் பற்றி எழுதுகிறவர்கள், அப்பா பக்கத்தில் இருந்ததை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பிள்ளையின் மனதில் படம் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் பெரிய பங்கு உண்டு.

வீட்டுக்குள்ளும் ஒரு திரை இருந்தது. 1948இல் வாங்கிய சிறிய டிவி. வெள்ளிக்கிழமை இரவுகளில் இத்தாலியக் குடும்பங்களுக்காக இத்தாலியப் படங்களை ஒளிபரப்புவார்கள். ‘ரோம் ஓப்பன் சிட்டி’, ‘பைசா’, ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எல்லாம் அவன் பார்த்தது அதில்தான். போரில் நொறுங்கிய தாய்நாட்டைத் திரையில் கண்டு தாத்தா பாட்டிகள் கண்ணீர் விட்டார்கள். சினிமா என்பது நட்சத்திரமும் குதிரையும் மட்டுமல்ல, தன் வீட்டுப் பெரியவர்களின் துக்கமும் அதில் வரும் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த இரவுகளின் விளைவாகத்தான் 1999இல், இத்தாலிய சினிமாவுக்கு மட்டுமே நான்கு மணி நேரம் ஒதுக்கி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

பார்த்தது போதாமல் வரையவும் ஆரம்பித்தான். பதினோரு வயதில், எடுக்கப்படாத ஒரு ரோமானியக் காவியத்துக்குச் சட்டம் சட்டமாக வண்ணப்படம் தீட்டினான். பெயர் ‘தி எடர்னல் சிட்டி’. மார்லன் பிராண்டோ முதலான நடிகர்களைக்கூடத் தானே முடிவு செய்திருந்தான். பொது நூலகத்தில் டீம்ஸ் டெய்லர் எழுதிய சினிமா வரலாற்று நூல் ஒன்று இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் புகைப்படங்களோடு. திரும்பத் திரும்ப அதையே எடுத்துவந்தான். ஒன்றிரண்டு முறை ஆசை மிகுந்து படங்களைக் கிழித்து எடுத்ததையும் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார்.

இவை எல்லாம் பிற்காலப் படங்களில் எங்கெங்கே முளைத்தன என்று பார்ப்பது ஆச்சரியம் தரும் வேலை. மைக்கேல் பாவெலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் எடுத்த ‘தி டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்’ படத்தை, சிறுவனாக இருந்தபோது டிவியில் கறுப்பு வெள்ளையில், விளம்பரங்களால் துண்டுபட்ட வடிவில், மறுபடி மறுபடி பார்த்திருந்தார். அதில் ஒரு வாள்சண்டையில் நடிகர் ராபர்ட் ஹெல்ப்மனின் கண்கள் அசையும் விதம் மனதில் தங்கிவிட்டது. ‘டாக்ஸி டிரைவர்’ (1976) படத்தில் ராபர்ட் டி நீரோவின் கண்களை மெதுவான அசைவில் எடுத்தது அந்த நினைவில்தான். அதே பாவெலைப் பின்பு தேடிப்போய் நண்பராக்கிக்கொண்டார். ‘ரேஜிங் புல்’ சோதனைக் காட்சியைப் பார்த்த பாவெல், கையுறையின் சிவப்பு உறுத்துகிறது என்றார். 1980இல் வெளியான அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்பாவோடு பார்த்த இன்னொரு படம் ‘தி ஏரஸ்’ (1949). ஒரு தந்தை மகளிடம் பேசும் கொடிய சொற்கள் பையனை உலுக்கின. பல்லாண்டுகள் கழித்து, அதேபோன்ற பழைய நியூயார்க் வீடுகளில் நடக்கும் ‘தி ஏஜ் ஆஃப் இன்னொசன்ஸ்’ படத்தை எடுத்தார். படம் வெளியான 1993இல்தான் அப்பா இறந்தார். அதை அவருக்கே காணிக்கையாக்கினார். வேறு எந்தக் காணிக்கையும் இதைவிடப் பொருத்தமாக இருந்திருக்காது.

இவ்வளவும் ஒரு கலைஞன் உருவான கதை. ஸ்கோர்செஸியின் வாழ்க்கையை முழுமையாக்குவது அடுத்த பாதி. 1950க்குப் பிறகு ஈஸ்ட்மன்கலர் சுருள் பரவலாகியிருந்தது. விலை குறைவு, ஆயுளும் குறைவு. நீலச் சாயம் முதலில் போய், படம் முழுவதும் இளஞ்சிவப்பாக வெளிறிவிடும். தன்னை வளர்த்த படங்கள் கண்ணெதிரே நிறம் செத்துக் கிடப்பதை 1970களில் கண்டார். 1980இல் சக இயக்குநர்களைத் திரட்டி, சுருள் தயாரிப்பவர்களிடம் நீடித்த சாயம் கேட்டுக் குரல் கொடுத்தார். 1990இல் குப்ரிக், கப்போலா, ஸ்பீல்பெர்க், ஈஸ்ட்வுட் முதலானவர்களோடு சேர்ந்து ‘தி ஃபிலிம் ஃபவுண்டேஷன்’ அமைப்பைத் தொடங்கினார். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதன் உதவியால் மீட்கப்பட்டிருக்கின்றன. ‘தி ரெட் ஷூஸ்’ 2009இல் மறுபிறவி எடுத்தது. ‘தி ரிவர்’ படமும் அந்த வரிசையில் உண்டு. ராதாவின் நடனத்தை இன்று நாம் பழைய நிறத்தோடு பார்க்க முடிவது இதனால்தான்.

2007இல் உலகின் பிற நாட்டுப் படங்களுக்கென இன்னொரு பிரிவைத் தொடங்கினார். அது மீட்டவற்றில் ஒன்று உதயசங்கர் இயக்கிய ஒரே படமான ‘கல்பனா’ (1948). எடுத்த இடம் சென்னை, ஜெமினி ஸ்டுடியோ. ஒளிப்பதிவு கே. ராம்நாத். சிறுமியாக ஆடியவர்களில் ஒருவர் நம் பத்மினி. மீட்ட பிரதி 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டபோது, தொண்ணூறைக் கடந்த கதாநாயகி அமலா சங்கர் நேரில் வந்திருந்தார். சென்னையில் எடுத்த படத்தைக் காப்பாற்ற, நியூயார்க்கில் தியேட்டரில் வளர்ந்த ஒரு பையன் வேண்டியிருந்தது.

நம் கணக்கு வருத்தம் தருவது. தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று இல்லை. தமிழ் பேசிய முதல் படமான ‘காளிதாஸ்’ (1931) இல்லை. டி.பி. ராஜலட்சுமியை அதில் பார்த்து வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர், அந்தப் படத்தை நமக்கு விட்டுச்செல்ல ஆளில்லை. வெள்ளியை உருக்கி எடுக்கவே சுருள்கள் எடைக்குப் போன நாடு இது.

உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் தியேட்டரின் ஆபரேட்டர் அறையிலோ, பழைய விநியோகஸ்தர் வீட்டுப் பரணிலோ படப்பெட்டி ஏதாவது கண்ணில் பட்டால் காயலான்கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். மிகப் பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், ஆகவே நீங்களே பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ தகவல் சொல்லுங்கள். புனே காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயரும், திருவனந்தபுரத்தில் சிறுவனாக இருந்தபோது சினிமா டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்தவர்தான். அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)