விலங்கை உருக்கி வார்த்த மணி

மணிமேகலையிலே மலர்வனம் புக்க காதையைக் கற்பிக்குந்தோறும் ஓரிடத்தில் யான் சிறிது தயங்குவதுண்டு. புகார் நகர வீதியிலே பித்தேறிய ஒருவன் அலரியும் எருக்கும் தொடுத்த மாலை பூண்டு, கந்தையும் தழையும் உடுத்து, அழுதும் விழுந்தும் அரற்றியும் செல்கின்றான். அவன் பின்னே ஒரு கூட்டம் அவனது துன்பத்தைக் கண்டுகொண்டு நிற்கின்றது. சாத்தனார் அக்கூட்டத்தாரை இகழவில்லை. வருந்தி நிற்பவர் என்றே காட்டுகின்றார். ஆயினும் அவர்கள் பார்த்ததன்றி வேறொன்றுஞ் செய்ததாக நூலில் இல்லை. வகுப்பிலே மாணவர் சிலர் இவ்விடத்திற் சிரிப்பர். சிரியாது குனிந்திருக்கும் மாணவன் ஒருவன் உளனாயின், அவன் வீட்டுக் கதவு எதற்காகவோ சாத்தப்பட்டிருக்கின்றது என்பதை ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கின்றது.

எமது பழைய மாணவர் சங்கம் இவ்விழா ஆண்டில் உளநலப் பணிக்கெனப் பொருள் திரட்டி நடைபவனி ஒன்று நிகழ்த்தவும், உதவினோரைப் பாராட்டவும் எண்ணியிருக்கின்றது. விளையாட்டு மைதானத்துக்கும் விஞ்ஞானகூடத்துக்கும் பொருள் சேர்த்துப் பழகிய எமக்கு இது புதுவழி. இவ்வழியிலே முன்சென்றோர் செய்தது யாது, அவர்க்கு நேர்ந்த இடர் யாது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்றெனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

உளநோயாளர் பொருட்டுப் பொருள் திரட்டிய பழைய முறைகளுள் ஒன்றைக் கேட்டால் நெஞ்சு கூசும். இலண்டன் மாநகரிலே 1247-ஆம் ஆண்டு தொடங்கிய பெத்லெம் என்னும் நிலையம் பிற்காலத்தில் உளநோயாளரை வைத்திருக்கும் வைத்தியசாலையாயிற்று. அங்கே விடுமுறை நாள்களில் நகரமாந்தர் திரளாகச் சென்று, விலங்கிடப்பட்ட நோயாளரை வேடிக்கை பார்ப்பர். அவர்கள் இடும் காசுக்கென வாயிலில் உண்டியல் இருந்தது. அக்காசு நிலையத்தின் வருவாய்களுள் ஒன்றாக இருந்தமையால், அதனை நிறுத்த நிருவாகிகளுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. 1770-ஆம் ஆண்டிலேதான் அனுமதிச்சீட்டு இன்றி எவரும் உட்புகலாகாதென விதி செய்தனர். புகார் வீதியிற் கண்ட கூட்டத்துக்கும் இதற்கும் வேற்றுமை யாதெனின், இங்கே பார்ப்பதற்கு விலை குறிக்கப்பட்டது, அவ்வளவே.

இம்முறையைத் தலைகீழாக மாற்றியவர் வைத்தியரல்லர்; பிரபுவுமல்லர்; விலங்கின் வேதனையைத் தம்முடம்பில் அறிந்த ஒரு நோயாளர். கிளிபேட் பியர்ஸ் என்னும் அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, கனெற்றிக்கற் மாநிலத்து நியூகேவன் நகரில் 1876-இல் பிறந்தார். 1897-இல் யேல் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று நியூயோர்க்கில் அலுவல் பார்த்தார். தமையனார் ஒருவருக்கு வலிப்புநோய் கண்டது. அஃது தமக்கும் வரும் என்னும் அச்சம் அவரை அரித்தது. 1900-ஆம் ஆண்டிலே வீட்டுச் சாளரத்தினின்று குதித்து உயிர்நீக்க முயன்றார், உயிர் தப்பிற்று. அடுத்த மூன்று ஆண்டுகளும் மூன்று வைத்தியசாலைகளில் அடைபட்டிருந்தார். கையை அசைக்கவொட்டாது கட்டும் சட்டையும், காவலர் அடித்த அடியும், குளிரறையும் அவர் கண்டவை.

நலம்பெற்று வெளிவந்தவர் தாம் பட்டதையெல்லாம் எழுதி 1908-இல் நூலாக வெளியிட்டார். ‘தன்னைக் கண்டுகொண்ட மனம்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். உளநூற் பேரறிஞர் வில்லியம் ஜேம்ஸ் எழுதிய கடிதம் ஒன்று அதற்கு முகவுரையாக அமைந்தது. அவ்வாண்டிலேயே தம் மாநிலத்தில் ஒரு சங்கத்தையும், 1909-இல் நாடு முழுவதற்குமான தேசிய மனச்சுகாதாரக் குழுவையும் பியர்ஸ் நிறுவினார்.

குழுவை நிறுவிவிட்டார், பணத்துக்கு எங்கே போவது? பியர்ஸ் வணிக நிலையத்திலே வேலைசெய்து பழகியவர். பிறரைத் தம் கருத்துக்கு இசைவிப்பதில் வல்லவர். பெருஞ்செல்வர்க்குக் கடிதம் எழுதினார். நேரிற் போய்க் கேட்டார். பலர் இன்சொற் சொல்லி அனுப்பிவிட்டனர். கடன்பட்டே சங்கத்தை நடத்தினார். 1911-இல் ஹென்றி பிப்ஸ் என்னும் உருக்குத் தொழில் முதலாளி 50,000 டொலர் கொடுக்க முன்வந்த பின்னரே தேசியக் குழுவின் வேலை உண்மையிற் தொடங்கிற்று. அக்காலத்து அது பெருந்தொகை. இரப்பவர் தாமே நோயுற்றிருந்தவர் என்பதை மறையாது சொல்லி இரந்தார் என்பதே ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது. ‘யாரோ சில பாவப்பட்டவர்களுக்கு உதவுங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. 1930-இல் வாசிங்ரனில் நடந்த முதலாவது அனைத்துலக மனச்சுகாதார மாநாட்டை முன்னின்று கூட்டியவரும் அவரே. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர் வந்தனர். 1943-இல் அவர் உயிர்நீத்ததும் ஓர் உளநோய் வைத்தியசாலையிலேதான். இதனை அவருடைய வாழ்வின் தோல்வியெனச் சிலர் எழுதுவர். நீரிழிவுக்கு மருந்து செய்வித்த ஒருவர் முதுமையில் மீண்டும் அந்நோயால் வருந்தினால் அதனைத் தோல்வி என்போமா?

இரண்டாம் உலகப்போரின்போது, படைக்கருவி ஏந்த மனச்சான்று இடந்தராத இளைஞர் ஏறக்குறைய 3,000 பேர், போர்ச்சேவைக்கு ஈடாக அமெரிக்க உளநோய் வைத்தியசாலைகளிற் பணிபுரிய அனுப்பப்பட்டனர். அவர்கள் கண்ட அவலங்கள் 1946-இல் பத்திரிகைகளிற் படத்துடன் வந்தபொழுது நாடே நாணிற்று. அவர்களுட் சிலர் நிறுவிய சங்கமும், பியர்ஸின் குழுவும், வேறொரு சங்கமும் 1950-இல் ஒன்றாய்த் தேசிய உளநலச் சங்கம் ஆயின. அதற்குப் பின்னர்ப் பலமுறை பெயர் மாறி, 2006 முதல் ‘மென்ரல் ஹெல்த் அமெரிக்கா’ என வழங்குவது அதுவே.

அச்சங்கத்தார் செய்த செயலொன்றை மாணவர்க்கு நான் சொல்லாத ஆண்டில்லை. நாடெங்குமுள்ள உளநோய் நிலையங்களுக்கு அவர்கள் வேண்டுகோள் விடுத்தனர்: ‘நீங்கள் கழித்துவிட்ட சங்கிலி, கைவிலங்கு, கால்விலங்கு யாவற்றையும் எமக்கு அனுப்புக.’ அவை நியூயோர்க்கில் இருந்த தலைமையகத்தின் முன்கூடத்திலே வந்து குவிந்தன. வருவோர் போவோரெல்லாம் அவ்விரும்புக் குவியலைக் கடந்தே செல்லவேண்டியிருந்தது. பின்னர் அவற்றைப் பால்ரிமோர் நகரத்து மக்ஷேன் மணி வார்ப்புச்சாலைக்கு அனுப்பினர். 1953-ஆம் ஆண்டு ஏப்பிரில் 13-ஆம் நாள் அவ்விலங்குகள் உருக்கப்பட்டு 300 இறாத்தல் நிறையுள்ள ஒரு மணியாக வார்க்கப்பட்டன. நோயாளரைப் பிணித்த விலங்கிலிருந்து பிறந்த இம்மணி அவர்க்கு நம்பிக்கையை ஒலிக்கும் என்னும் கருத்து அதன்மேற் பொறிக்கப்பட்டது. பெத்லெமில் விலங்கைக் காட்டிக் காசு வாங்கினர். இங்கே விலங்கை உருக்கிவிட்டுக் காசு கேட்டனர்.

மணி சங்கத்தின் சின்னமாயிற்று. 1949 முதல் அமெரிக்காவில் மே மாதம் உளநலத்துக்கென ஒதுக்கப்பட்டு வருகின்றது. முன்னாளில் அம்மாதத்தில் தொண்டர் வீடுவீடாகச் சென்று வாயில்மணியை அடித்து நன்கொடை கேட்டனர். அவர்க்கு ‘மணி அடிப்போர்’ என்றே பெயர். அவர்களுட் பெரும்பாலார் இல்லத்தரசியர். ஒரு தெருவிலே நாற்பது வீட்டு மணியை அடித்தால் இருபது வீட்டிற் சில்லறை கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். ஆனால் நாற்பது வீட்டு வாயிலிலும் ‘உளநோய்’ என்னும் சொல் உரத்துச் சொல்லப்பட்டுவிடும். நத்தார்ப் பண்டிகைக் காலத்திலே, பார்க்க வருவார் எவருமற்ற நோயாளர்க்கென அன்பளிப்புப் பொதிகளைச் சேர்த்துக் கொடுத்த மாநிலச் சங்கங்களும் உண்டு.

இனி, விருந்து வைத்துப் பொருள் திரட்டும் முறையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எமது சங்கத்துப் பொருளாளர் இதனை ஊன்றிப் படிப்பாராக. அமெரிக்க வரிச்சட்டத்தின்படி, தருமச் சங்க விருந்துக்கு ஒருவர் கொடுக்கும் சீட்டுப்பணம் முழுவதும் கொடையாகாது. அவர் உண்ட உணவின் மதிப்பைக் கழித்து எஞ்சியதே கொடை. கொடுத்த தொகை 75 டொலருக்கு மேற்படின், உணவின் மதிப்பு இவ்வளவு என்பதைச் சங்கம் அவருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். எத்துணைத் தெளிவான விதி! நம்மவர் கணக்கை இவ்விதியால் அளந்து பார்ப்போம். சீட்டு 5,000 ரூபாவாக 200 பேர் வந்தால் 10 இலட்சம் வரும். மண்டபம், உணவு, ஒலிபெருக்கி, பொன்னாடை, நினைவுக்கேடயம் என 6 இலட்சம் போய்விட்டால், கொடுத்த ரூபாவில் 40 சதமே நோயாளரைச் சென்றடையும். மேடையிலோ ‘10 இலட்சம் திரட்டினோம்’ என்று ஒலிபெருக்கி முழங்கும்.

பாராட்டே கூடாதென்பது என் கருத்தன்று. திருக்குறளிலே ஒப்புரவறிதல், ஈகை, புகழ் என்னும் மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. புகழோடு இல்லறவியல் முடிகின்றது. புகழ் பெரும்பாலும் ஈகையால் வருவதாதலின் அதன்பின் வைக்கப்பட்டதெனப் பரிமேலழகர் இயைபு கூறுவர். ஆகவே கொடுத்தாரைப் புகழ்தல் தமிழர்க்கு உடன்பாடே. முறைவைப்பு மாறாதிருத்தலே வேண்டப்படுவது. புகழை முன்னே விற்று ஈகையைப் பின்னே வாங்கும் விழாக்கள் இன்று மலிந்துவிட்டன.

யாரைப் பாராட்டுவது என்பதும் உண்டு. மேற்கூறிய அமெரிக்கச் சங்கம் தன் பரிசுகளுட் சிறந்த ஒன்றுக்குப் பியர்ஸின் பெயரை இட்டு 1976 முதல் வழங்கி வருகின்றது. அது செல்வர்க்கோ வைத்தியர்க்கோ உரியதன்று. தாமே உளநோயுற்று, பிறர் நலத்துக்கு உழைத்தவர்க்கே உரியது. பரிசு பெறுபவர் மேடையேறும்போதே ‘நானும் நோயுற்றிருந்தேன்’ என்று சபைக்குச் சொல்லிவிட்டவராகின்றார். இப்படியொரு பரிசை யாழ்ப்பாணத்தில் அறிவித்தால் விண்ணப்பிப்பார் உளரோ? ‘அங்கொடை’ என்னும் ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கின்றோம் நாம். 1926 முதல் அங்கு நடைபெறும் வைத்தியசாலை 2008-இல் தேசிய உளநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது, வசை மாறவில்லை.

நடைபவனிக்கும் முன்மாதிரி உண்டு. தற்கொலைத் தடுப்புக்கென அமெரிக்காவில் 1987-இல் அமைந்த ஒரு சங்கம், 2002-ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே வேர்ஜினியாவின் பெயர்பாக்ஸ் நகரிலிருந்து வாசிங்ரன் வரை 26 மைல் நடை ஒன்றை நிகழ்த்திற்று. அந்தி சாய்ந்தபின் புறப்பட்டு இரவெல்லாம் நடப்பது அதன் முறை. இருளினின்று வெளியேறுதல் என்பது அதற்கு இட்ட பெயர். நடப்போர் உற்றார் நண்பரிடம் பொருள் சேர்த்துத் தருவர். உயிர்நீத்தார் பெயரெழுதிய விளக்குகள் ஏற்றப்படும். பெற்ற பிள்ளையை இழந்து, எப்படி இறந்தான் என்று ஊருக்குச் சொல்லமாட்டாது ஆண்டுக்கணக்காக ஒடுங்கியிருந்த தாய் ஒருத்தி, தன்னைப்போன்ற பலரோடு ஓர் இரவு தோளுரசி நடக்கின்றாள். திரண்ட பணத்தை அன்றி இதனை எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது?

உளநலப் பணிக்குப் பொருள் சேர்ப்பது ஏன் கடினம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பெயர்க்கல் பதிக்க அங்கே சுவரில்லை. நமது நாட்டில் 1974 முதல் பணிசெய்யும் சுமித்ரயோவை நோக்குக. மனம் நொந்தவர் சொல்வதைத் தொண்டர் கேட்கின்றனர். கேட்டதை எவருக்குஞ் சொல்லார். உதவிபெற்றவரை மேடையேற்றிக் காட்ட இயலாது; காட்டவுங் கூடாது. தொலைபேசிக் கட்டணமும், அறை வாடகையும், பயிற்சிச் செலவும் மாதந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். அடிக்கல் நாட்டுவோர் பலர். மாதவாடகை கொடுப்போர் சிலர்.

சென்ற ஆண்டு ஓர் உளவளத்துணை இல்லத்துக்காக யானும் இரு நண்பரும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு சுற்றினோம். எமது கல்லூரி விளையாட்டரங்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்து, தம் பெயரைக் கல்லிற் பொறிப்பித்த பழைய மாணவர் ஒருவரிடம் சென்றோம். தாராளமாகவே எடுத்து நீட்டினார். பேனாவை நான் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். “மாஸ்டர், காசு தாறன், பேரை மட்டும் எழுதாதையுங்கோ. வீட்டிலை ஆருக்கோ எண்டு சனம் கதைக்கும். பிள்ளையளுக்குக் கலியாணம் பேசவேணும்” என்றார். அடிக்கட்டையில் ‘நலன்விரும்பி’ என்றெழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். வழியில் மூவரும் ஒன்றும் பேசவில்லை.

பாராட்டுக்குரியோர் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு இவ்வாண்டு என்மேல் விழுந்தது. அவர் இசைவைக் கேட்டுவர மீண்டும் போனேன். மேடைக்கு வரமாட்டேனென்று மறுத்துவிட்டார். படலைவரை வந்து வழியனுப்பியவர், நடைபவனி எத்தனை மணிக்குத் தொடங்கும், எந்த வீதியாற் போகும் என்று கேட்டார். காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து, பெரிய வீதியாலேதான் என்றேன். “தம்பியையும் கூட்டிக்கொண்டு வரலாமோ, மாஸ்டர்?” என்றார். அவருக்கொரு தம்பி இருப்பது இத்தனை காலமும் எனக்குத் தெரியாது.