சிறு ஐஸ்கிரீம் தொழிலும் உணவுச் சட்டமும்

2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கர்நாடக அரசின் உணவுப் பாதுகாப்புத் துறையினர், ஐஸ்கிரீம், குச்சி ஐஸ், குளிர்பானம் ஆகியவற்றைத் தயாரிக்கும் 220 இடங்களைச் சோதனையிட்டனர். அவற்றுள் 97 இடங்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு வழங்கப்பட்டது. 38,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. சில இடங்களில் சலவைத்தூள், யூரியா, மாச்சத்து ஆகியவற்றைக் கொண்டு செயற்கைப் பால் உண்டாக்கியதாகவும், குடிக்கத் தகாத நீரைப் பயன்படுத்தியதாகவும் அலுவலர்கள் தெரிவித்தனர்.

இச்செய்தியைப் படித்த பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் நாணயமாகத் தொழில் நடத்தும் சிறு தயாரிப்பாளரும் இதைக் கேட்டு அஞ்சுகிறார். யூரியா கலப்பவரையும், பொருளுக்குப் பெயரைத் தவறாக எழுதிவிட்டவரையும் ஒரே சட்டந்தான் விசாரிக்கிறது. பெங்களூரில் குல்பி வண்டி தள்ளியும், சிறு கடை வைத்தும் பிழைப்போருள் தமிழரும் உளர். அச்சட்டம் அவர்களிடம் எதைக் கேட்கிறது, அவர்களுக்கு எந்த உரிமையை அளிக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

நம் நாட்டில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் 1954-ல் இயற்றப்பட்டு, 1955-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் இடத்தில் 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2011 ஆகஸ்டு 5-ஆம் நாள் முதல் செயற்பட்டன. இதற்கிடையே மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. ஐஸ்கிரீம் தயாரிப்பு பல காலம் சிறுதொழில்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1997-ல் அவ்வொதுக்கீடு நீக்கப்பட்டது. அதுமுதல் பெரிய ஆலையும் பின்கட்டு அடுப்பும் ஒரே சந்தையில், ஒரே தர அளவின்கீழ் நிற்கின்றன.

சட்டம் கேட்கும் கேள்விகளைச் சுருக்கினால் இரண்டாகும். பொருள் தூயதா என்பது முதற் கேள்வி. சொல்லும் பெயருக்கு உரியதா என்பது இரண்டாவது கேள்வி.

தூய்மையை முதலில் எடுத்துக்கொள்வோம். குளிர் கிருமியைக் கொல்லும் என்று பலர் எண்ணுகின்றனர். குளிர் அதைத் தூங்க வைக்கிறது, அவ்வளவே. உருகியவுடன் அது விழித்துப் பெருகுகிறது. 1946-ல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில், டைபாய்டுக் கிருமியைத் தம் உடலில் தாங்கியிருந்த ஒரு தயாரிப்பாளரின் ஐஸ்கிரீமால் நோய் பரவிற்று. ஐஸ்கிரீம் கலவையைச் சூடாக்குவதைக் கட்டாயமாக்கும் விதிகள் அடுத்த ஆண்டிலேயே பிரிட்டனில் வந்தன. தவறு சிறியவர்க்கே உரியது என்று கருதிவிட வேண்டாம். 1994-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பெரிய நிறுவனம் ஒன்றின் ஐஸ்கிரீமால் ஏறத்தாழ 2,24,000 பேர் நோயுற்றனர் என ஆய்வாளர் கணித்தனர். முறைப்படி சூடாக்கிய கலவையே அது; ஆயினும் பச்சை முட்டை ஏற்றிவந்த தொட்டி லாரிகளில் அதைக் கொண்டு சென்றதால் கெட்டது.

ஆகவே சூடாக்குதல், பின் மாசு சேராமற் காத்தல் என்னும் இரண்டும் வேண்டும். நம் நாட்டு விதிகள் வகுத்த முறைப்படி, ஐஸ்கிரீம் கலவை முழுவதும் குறைந்தது 68.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம், அல்லது 80 டிகிரியில் 25 விநாடி நின்று, உடனே 4 டிகிரிக்குக் குளிர வேண்டும். இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கனமான பாத்திரம், இடைவிடாத துழாவல், நம்பத்தக்க வெப்பமானி ஆகியவை போதும். பலரும் தவறுவது அடுப்பிலன்று, ஆறவைக்கும்போதுதான். காய்ச்சிய கலவையை இரவெல்லாம் திறந்து வைத்தால் காய்ச்சிய பயன் போய்விடும். பாத்திரத்தைப் பனிக்கட்டி நீரில் இறக்கி விரைவில் ஆற்றுவதே முறை. வெளியே நிரப்பும் பனிக்கட்டி வேறு, உண்ணும் பொருளிற் சேரும் நீர் வேறு என்பதையும் மறத்தலாகாது. ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைத்து விற்றல் கூடாது.

இனிப் பெயரைப் பற்றிய கேள்வி. இதில்தான் நேர்மையானவரும் அறியாமற் சிக்குகிறார். ‘ஐஸ்கிரீம்’ என்று சொல்ல நூற்றுக்குப் பத்துப் பங்கு பால் கொழுப்பும், 36 பங்கு மொத்தத் திடப்பொருளும் குறையாமல் இருக்க வேண்டும். குல்பிக்கும் இதே அளவுதான். கடையில் வாங்கும் டோன்டு பாலிலோ கொழுப்பு மூன்று பங்கே. அதைப் பாதியாக வற்றக் காய்ச்சினாலும் ஆறு பங்கைத் தாண்டாது. சர்க்கரை சேர்ந்தபின் அதுவும் குறையும். இவர் கலப்படம் செய்தவர் அல்லர். ஆயினும் அவர் பொருள் முழுக் கொழுப்பு ஐஸ்கிரீமும் அன்று. இரண்டரைக்கு மேல் பத்துக்குள் கொழுப்புள்ளதற்கு ‘நடுத்தரக் கொழுப்பு ஐஸ்கிரீம்’ என்னும் வகை விதிகளில் உண்டு. அதற்குரிய ஏனைய அளவுகளும் நிறைந்திருக்குமாயின் அவ்வாறே எழுதி விற்கலாம். அல்லது பாலேடு சேர்த்துப் பத்தை எட்டலாம். பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் அது ஐஸ்கிரீம் ஆகாது; ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றே குறிக்க வேண்டும்.

நிறம் பற்றியும் ஒரு சொல். துணிச் சாயமாகிய ரோடமின்-பி உணவிற்கு உரியதன்று. பஞ்சுமிட்டாயில் அதைச் சேர்ப்பதைக் கர்நாடகம் 2024 மார்ச்சில் தடை செய்தது. அனுமதிக்கப்பட்ட நிறமிகளிலும், 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி உச்ச அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இதைச் சமையலறைத் தராசு காட்டாது. மாம்பழக் கூழும் குங்குமப்பூவும் தரும் நிறமே சிறியவர்க்குப் பாதுகாப்பு.

அடுத்து, ‘பதிவு’ வேறு, ‘உரிமம்’ வேறு. 2011-ஆம் ஆண்டு விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ளோர்க்குப் பதிவு போதும் என்றன. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விற்றுமுதல் என்பது இலாபமன்று. நாளொன்றுக்குச் சராசரி 3,300 ரூபாய்க்கு விற்றாலே அவ்வெல்லை கடந்துவிடும். இத்தகைய எல்லைகள் திருத்தப்படுவனவாதலின், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள தொகையைக் கேட்டறிதல் நலம்.

சட்டம் உரிமையும் தந்துள்ளது. குறையைத் திருத்தும்படி தரும் அறிவிப்பில் பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை இருக்க வேண்டும். எடுக்கும் மாதிரியை நான்கு பகுதியாக்க வேண்டும். தயாரிப்பாளர் கோரினால் அவற்றுள் ஒன்றை அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆய்வு முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

இவ்வுரிமைகளை எத்தனை பேர் அறிவர்? சட்டமும் விண்ணப்பமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மாநில அறிவிப்புகள் கன்னடத்தில் வருகின்றன. வீட்டிலே தமிழ் பேசி, தெருவிலே கன்னடம் பேசிப் பிழைப்பவரின் கையில் அவருக்கு எட்டும் சொற்களில் ஒரு பக்கத் துண்டறிக்கை இருந்தால், பல தவறுகள் அபராதம் வரை செல்லா. பெங்களூருக்கு இது புதிதன்று. 1923-ல் இங்கு நிறுவப்பட்ட பால்பண்ணைக் கல்வி நிலையத்திற்கு 1927-ல் காந்தியடிகளே வந்து மாடு வளர்ப்பைக் கற்றார். அந்நிலையம் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக ஆடுகோடியில் விளங்குகிறது. கற்பிக்கும் இடம் ஊரிலேயே இருக்க, தண்டனையின் வாயிலாக மட்டும் ஒருவர் சட்டத்தைக் கற்பது முறையாகுமா?

யூரியா கலப்பவர்க்கு இரக்கம் வேண்டா. ஏனையோர்க்கு அறிவிப்புக்கு முன்பே அறிவுரை சென்று சேரவேண்டும். அதுவரை நேயர்கள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. தெருவில் குல்பி விற்கும் நம்மவரிடம், ‘பதிவு செய்துவிட்டீர்களா? வெப்பமானி இருக்கிறதா?’ என்று பரிவோடு கேளுங்கள். விண்ணப்பம் புரியவில்லையெனில் உடனிருந்து படித்துச் சொல்லுங்கள். குழந்தையின் உடல்நலம், ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பு ஆகிய இரண்டுக்கும் அது காவலாகும்.