மெண்டோட்டா ஏரிக்கரை ஓட்டப்பாதை

அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழக வளாகத்துக்கு வடக்கு எல்லை மெண்டோட்டா ஏரி. அதன் தென்கரையில் காடு, சதுப்பு, புல்வெளி மூன்றும் கலந்த இயற்கைக் காப்பகத்தைப் பல்கலைக்கழகம் சுமார் 300 ஏக்கரில் பேணி வருகிறது. கரையோரச் சரளைப் பாதையில் காலையும் மாலையும் மாணவர்கள் ஓடுகிறார்கள். பாதைக்கு ஹோவர்டு டெமினின் பெயர். சில வைரஸ்கள் ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை உருவாக்குவதைக் கண்டறிந்து, 1975இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இப்பேராசிரியர் இவ்வழியே சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தவர்.

பிக்னிக் பாயிண்ட் என்ற நிலமுனை ஏரிக்குள் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 1941இல் பல்கலைக்கழகம் இதை வாங்கியது. ஹோ-சங்க் பழங்குடியினரின் முன்னோர் எழுப்பிய ஈமத் திட்டுகள் இங்கே உள்ளன. புல் மூடிய தாழ்ந்த மேடுகளாகத் தெரியும் இவை கல்லறைகள். இவற்றின் மீது ஏறக் கூடாது.

காப்பகத்தின் காடு தானாக நிலைப்பதில்லை. முற்காலத்தில் பழங்குடியினர் அவ்வப்போது வைத்த தீ புதர்களை அழித்தது. தக்கைபோல் தடித்த பட்டையுள்ள பர் ஓக் மரங்கள் அதைத் தாங்கி நின்றன. தீ நின்றபின் புதர் மண்டியது. வேலிக்காக ஐரோப்பாவிலிருந்து வந்த பக்தார்ன் செடிதான் பெருந்தொல்லை. இதன் அடர்நிழலில் ஓக் கன்றுகளும் காட்டுப்பூச்செடிகளும் பிழைப்பதில்லை. இலையுதிர்காலத்தின் கடைசியில், மற்ற மரங்கள் மொட்டையான பிறகும், பக்தார்ன் மட்டும் பச்சையாக நிற்கும். அப்போது அதை எளிதில் அடையாளம் கண்டு வெட்டலாம். வெட்டினால் மட்டும் போதாது, கட்டை மீண்டும் தழைக்கும் என்பதால் வெட்டுவாயில் களைக்கொல்லி பூசுகிறார்கள். சில பகுதிகளில் கட்டுப்பாடான தீயும் வைக்கப்படுகிறது. காட்டைக் காக்க இந்த உழைப்பு ஆண்டுதோறும் வேண்டியிருக்கிறது.

ஓடுபவர்கள் பாதையை விட்டு விலகக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. திரும்பத் திரும்ப மிதிபட்ட மண் இறுகி, அதன் நுண்துளைகள் அடைபடும். வேர்களுக்குக் காற்று குறையும். மழைநீர் உள்ளே இறங்காமல் மண்ணை அரித்துக்கொண்டு ஏரிக்கு ஓடும். அந்த மண்ணோடு போகும் பாஸ்பரஸ், கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருக இடம்கொடுக்கும். காலணியில் ஒட்டிய சேறும் ஆபத்தானது. பூண்டு வாசமுள்ள கார்லிக் மஸ்டர்ட் என்ற களையின் நுண்ணிய விதைகள் அதில் ஒட்டிப் பயணிக்கும். அந்தக் களை வெளியிடும் வேதிப்பொருள்கள், மரவேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகளைப் பாதிக்கின்றன. அதனால் ஓடத் தொடங்குமுன்பும் முடித்த பின்பும் காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துச் சுத்தம் செய்வது நல்லது.