லினக்ஸ் கணனியில் டொங்கிள்

திருட்டு வின்டோஸில் கடைக் கணக்கு எழுதுவது அடுத்தவர் உரிமையைப் பறிப்பதாகும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் கணனி மென்பொருளைப் பாதுகாக்கிறது. அதனால் எனது கடையில் இலவசமான உபுண்டு லினக்ஸையே பாவிக்கிறேன். "லினக்ஸில் டொங்கிள் வேலை செய்யாதே" எனத் தயங்கும் சகோதர வியாபாரிகளுக்காக இக்குறிப்பு.

பல டொங்கிள்கள் செருகியதும் தம்மை முதலில் ஒரு சீடீயாகவே காட்டும். வின்டோஸுக்கான மென்பொருள் அதில்தான் இருக்கும். டொங்கிளை மோடமாக மாற்றுவது 'யூஎஸ்பி மோட்ஸ்விட்ச்' எனும் சிறு மென்பொருள். அது கணனியில் இல்லையெனில் வேறு இணைப்பின் மூலம் முதலில் நிறுவுங்கள்.

பின்னர் டொங்கிளைச் செருகிச் சற்றுப் பொறுங்கள். நெட்வேர்க் அமைப்பில் 'மொபைல் புரோட்பாண்ட்' என்பதைத் தெரிவுசெய்து நாட்டையும் நிறுவனத்தையும் குறிப்பிடுங்கள். ஏ.பி.என். பெயரை நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள். எழுத்துப் பிசகினால் இணைப்பு கிடைக்காமல் போகலாம். மேசைக்கடியில் சிக்னல் குறைவென்றால் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் மூலம் ஜன்னலருகே வையுங்கள்.

ஹலாலான தொழிலுக்குக் கருவியும் ஹலாலாக இருக்கட்டும்.