நேரம் தவறாத சுறா

லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யுனிவர்சல் ஸ்டுடியோவுக்குப் போகிறவர்களை, பெட்டி பெட்டியாகக் கோத்த ஒரு டிராம் வண்டி சுற்றிக் காட்டுகிறது. வழியில் ஒரு குளம் வரும். கரையோரம் வண்டி வேகத்தைக் குறைத்ததும் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சுறா வாயைப் பிளந்துகொண்டு எழும். பிள்ளைகள் அலறுவார்கள், பெரியவர்கள் செல்போனை உயர்த்துவார்கள், வண்டி நகர்ந்துவிடும். 1976 முதல் அந்தச் சுறா அங்கே ஓய்வில்லாமல் வேலை பார்க்கிறது. ‘ஜாஸ்’ படத்தை இப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைக்க வைப்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. ஆனால் நடந்தது ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அந்தப் படத்தை 1974இல் எடுத்தது அமெரிக்காவின் மறு கரையில், மார்த்தாஸ் வினியார்ட் தீவை ஒட்டிய நிஜக் கடலில். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் இறங்கியதும் பழுதானது. சரிசெய்தால் மறுபடி பழுதானது. 55 நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. சுறா வராததால், சுறா இல்லாமலே சுறாவைக் காட்டவேண்டிய கட்டாயம். படத்தின் முதல் சாவில் அது கண்ணிலேயே படாது. பின்னால், கடலில் தானாக ஓடிவரும் மஞ்சள் பீப்பாய்களே சுறா வருகிறது என்று சொல்லும். மிச்சத்தை ஜான் வில்லியம்ஸின் இரண்டு சுரங்கள் பார்த்துக்கொண்டன. உடைந்த படகின் ஓட்டையில் ஒரு பிணத்தின் தலை எட்டிப் பார்க்கிற காட்சி போதுமான திடுக்கிடலைத் தரவில்லை என்று தோன்றியபோது, எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில் பால் பவுடரைக் கொட்டித் தண்ணீரைக் கலக்கி, அதைத் திரும்ப எடுத்தார்கள். உலகத்தையே கடலுக்குள் இறங்கத் தயங்க வைத்த படம் இப்படி உருவானது. படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா, இந்தக் குளத்துச் சுறாவைப் போல் சொன்ன நேரத்துக்கு எழுந்திருந்தால் வேறொரு படம்தான் வந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஸ்டுடியோ சுற்றுலாக்கள் சினிமா எடுக்கும் வேலையை உண்மையாகவே காட்டுகின்றனவா என்ற கேள்விக்கு என் பதில்: காட்டுகின்றன, ஆனால் எதுவும் நடக்காத இடங்களில். ஏதாவது வெடிக்கிற, விழுகிற, பாய்கிற இடங்களில் அவை சொல்வது வேறொரு தொழிலின் கதை. காரணம் எளிது. சினிமாவில் ஒரு விபத்து ஒரே ஒரு தடவை சரியாக நடந்தால் போதும், அதுவும் ஒரு கேமராவின் கோணத்திலிருந்து பார்க்கும்போது. சரியாக வரவில்லையென்றால் இன்னொரு டேக். கோணத்துக்கு வெளியே கயிறு தொங்கலாம், லைட்மேன் நிற்கலாம், பின்பக்கம் வெறும் சாரமாக இருக்கலாம். சுற்றுலாவில் வரும் விபத்தோ நாள் முழுக்க, வண்டிக்கு ஒரு தடவை, எந்த இருக்கையிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி, ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் படாமல் நடந்தாகவேண்டும். அதே யுனிவர்சலில் 1989 முதல் நடந்துவரும் நிலநடுக்கக் காட்சியில் சுரங்க ரயில் நிலையத்தின் கூரை இடியும், லாரி சரியும், வெள்ளம் பாயும். வண்டி வெளியேறியதும் எல்லாம் தம்தம் இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்புதல்தான் அங்கே உண்மையான சாதனை, அதைச் செய்த பொறியாளர்கள் பாராட்டுக்கு உரியவர்கள். ஆனால் சினிமாவுக்கு அந்தத் திறமை தேவையே இல்லை. கூரையை மறுபடி தூக்கி நிறுத்துவது படப்பிடிப்பில் மறுநாள் காலைவரை தச்சர்கள் பார்க்கிற வேலை.

சுற்றுலா சினிமா வேலையைவிட்டு விலகிய இந்தத் திசைமாற்றம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கார்ல் லெம்லி 1915 மார்ச்சில் யுனிவர்சல் சிட்டியைத் திறந்தபோதே பொதுமக்களை உள்ளே விட்டார். 25 சென்ட் கொடுத்தால் மரப் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்து, எதிரே படம் எடுப்பதை நேராகப் பார்க்கலாம். ஊமைப்படக் காலம், பார்ப்பவர்கள் கைதட்டினாலும் கூச்சலிட்டாலும் படச்சுருளுக்கு அதில் எந்தச் சேதமும் இல்லை. பேசும் படம் வந்ததும் மைக்குக்கு முன்னால் ஒரு தும்மலும் செலவாயிற்று. பார்வையாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1964இல் டிராம் வண்டிகளோடு சுற்றுலா மறுபடி தொடங்கியபோது ஸ்டுடியோவுக்குள் படப்பிடிப்பும் தொலைக்காட்சித் தொடர்களும் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன, ஆனால் அவற்றைக் காட்ட முடியாது. காட்ட முடியாததற்குப் பதிலாக எதையாவது காட்டியாக வேண்டும். 1968இல் திடீர் வெள்ளம், 1973இல் பிளந்து வழிவிடும் செங்கடல், 1976இல் சுறா, 1986இல் இயந்திர கிங் காங் என்று வரிசையாக வந்தவை எல்லாம் அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை. மூடிய கதவுக்கு முன்னால் நடக்கிற வேடிக்கை என்று இவற்றைச் சொன்னால் தவறாகாது.

இனி எதுவும் நடக்காத இடங்கள். டிராம் கடந்துபோகும் தெருக்களில் வீடுகளுக்கு முகம் மட்டும் உண்டு, முதுகு கிடையாது. கவ்பாய் படங்களுக்கான மேற்கத்தியத் தெருவில் சில கதவுகள் வழக்கத்தைவிடச் சிறியவை; அதில் நின்றால் கதாநாயகன் ஓங்கி உயர்ந்தவனாகத் தெரிவான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சிறிய கதவு, அவ்வளவுதான். ஆனால் கேமரா எப்படிப் பொய் சொல்கிறது என்பதை எந்த வெள்ளமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது. மணிக்கூண்டு உள்ள நீதிமன்றச் சதுக்கம் ‘பேக் டு த ஃபியூச்சர்’ படத்தில் 1955ஆகவும் 1985ஆகவும் வருகிறது. அழகான 1955ஐ முதலில் எடுத்து முடித்து, பிறகு அதே தெருவை அழுக்காக்கி, பாழாக்கி 1985ஆக மாற்றினார்கள். கதையில் முதலில் வருவது படப்பிடிப்பில் கடைசியில் வந்தது. சினிமாத் தொழிலின் ஆதாரமான விஷயம் இது. வெறும் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே விளங்கிக்கொண்டுவிடலாம். ‘வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்’ (2005) படத்துக்காக ஓய்வுபெற்ற ஒரு போயிங் 747 விமானத்தை வாங்கி, அறுத்து, நொறுக்கிப் பரப்பியிருக்கிறார்கள். அங்கே புகை மட்டும் எழும். சில நிமிடக் காட்சிக்காக ஒரு முழு விமானத்தைத் துண்டு போடுகிற தொழில் எப்படிப்பட்டது என்பதை அந்தக் குப்பை மேடு சொல்லிவிடுகிறது.

‘சைக்கோ’ வீட்டில் சுற்றுலாவின் இரண்டு முகமும் ஒரே இடத்தில் தெரியும். மேட்டின்மேல் நிற்கும் அந்தக் கறுத்த வீடு வெறும் வெளித்தோற்றம். உள்ளே நடக்கும் காட்சிகளை எடுத்தது வேறு ஃப்ளோரில். இது உண்மை. ஆனால் கீழே உள்ள விடுதி வாசலில் ஒரு நடிகர் கத்தியோடு டிராமை நோக்கி ஓடிவருவார். உண்மை அத்தோடு முடிந்தது. ஹிட்ச்காக்கின் அந்தக் குளியலறைக் கொலை திரையில் முக்கால் நிமிடம். எடுத்தது ஏழு நாள், எழுபதுக்கு மேற்பட்ட கேமரா அமைப்புகளில். ரத்தமாக ஓடியது சாக்லேட் பாகு, சதையில் கத்தி இறங்கும் ஓசை முலாம்பழத்தில் குத்திப் பதிவுசெய்தது. கத்தி உடம்பில் பாய்வதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் உண்மையில் பார்த்தது துண்டு துண்டான ஷாட்டுகளின் அடுக்கு. கொலை நடந்தது எடிட்டிங் மேசையில். ஓடிவரும் மனிதன் அதைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும்: பொழுதுபோக்கப் போகிற இடத்தில் பாடமா கேட்பார்கள்? ராட்டினத்தில் ஏறுகிறவர் இயற்பியல் கற்றுத் தரவில்லை என்று புகார் சொல்வதில்லையே. நியாயம்தான். ஆனால் ராட்டினம் தன்னை ஆய்வுக்கூடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. டிஸ்னி நிறுவனம் 1989 மே மாதம் ஃப்ளோரிடாவில் திறந்த பூங்காவின் பெயரிலேயே ஸ்டுடியோ என்ற சொல்லை வைத்தது. உண்மையில் வேலை நடக்கிற ஸ்டுடியோ என்றே அது அறிமுகமானது. ஒரு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தது. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்கள் நடக்க, அந்தப் பக்கம் ஓவியர்கள் உட்கார்ந்து அனிமேஷன் படம் வரைந்தார்கள். ‘முலான்’ (1998), ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ (2002) முதன்மையாக அங்கே உருவானவை. பூங்கா ஒன்றில் பொதுமக்களுக்குக் கிடைத்த மிக நேர்மையான காட்சி அதுவாகத்தான் இருக்கும்: குனிந்த முதுகு, மெல்ல நகரும் கை, மேசையில் அடுக்கிய தாள்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடவேண்டும் என்று தெரிந்துகொண்டு அந்த முதுகைப் பார்த்தால் மூச்சு முட்டும். அதே பூங்காவில் வெள்ளமும் நெருப்பும் பாயும் ஒரு பள்ளத்தாக்கும் சுற்றுலாவுக்கென்றே கட்டப்பட்டிருந்தது. எது நீடித்தது? வரைபவர்களின் பிரிவு 2004இல் மூடப்பட்டது. பள்ளத்தாக்கு அதற்குப் பிறகும் பத்து ஆண்டு, 2014வரை, தவறாமல் பொங்கிக்கொண்டிருந்தது. அனிமேஷன் கணினிக்கு மாறியதும், நிறுவனத்தின் கணக்கு வழக்கும் வரைபவர்களின் பிரிவு மூடப்பட்டதற்குக் காரணம். பூங்கா வேண்டுமென்றே உண்மையை விரட்டியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரைபவர்கள் போன பிறகும் பெயர்ப்பலகையில் ஸ்டுடியோ என்ற சொல் அப்படியே இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நிஜப் படப்பிடிப்பு சலிப்பானது. யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? பொள்ளாச்சியிலோ காரைக்குடியிலோ ஷூட்டிங் பார்க்கக் கூடுகிற கூட்டத்தைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். நடிகரைப் பார்த்த ஆர்வம் அரை மணியில் வடியும். லைட்டிங் சரிசெய்வார்கள், மேகம் விலகக் காத்திருப்பார்கள், ஒரே வசனத்தை ஒன்பதாவது முறை சொல்லவைப்பார்கள், கூட்டம் பாதியாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன், காத்திருத்தலை டிக்கெட் போட்டு விற்க முடியாது. ஆனால் அதனால் வெடிப்புகளை மட்டும்தான் விற்க முடியும் என்று ஆகிவிடாது. லண்டனுக்கு வெளியே லீவ்ஸ்டனில், ஹாரி பாட்டர் படங்கள் எடுக்கப்பட்ட பழைய விமான எஞ்சின் தொழிற்சாலை வளாகத்தில், வார்னர் நிறுவனம் 2012இல் ஒரு சுற்றுலாவைத் திறந்தது. அங்கே பெரிதாக எதுவும் இடிந்து விழுவதில்லை. மந்திரக்கோல் கடையில் 17,000க்கு மேற்பட்ட பெட்டிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பெயர்ச்சீட்டு. கேமரா அவற்றை ஒருநாளும் படித்ததில்லை. 24இல் ஒரு பங்கு அளவில் செய்த ஹாக்வார்ட்ஸ் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வரலாம். கூட்டத்துக்கு அங்கே குறைவே இல்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பது வேறு விஷயம்: அங்கே இருப்பவை எல்லாம் ஜெயித்த பொருட்கள். கைவிட்ட வடிவம், வெட்டி எறிந்த காட்சி, இயக்குநரும் கலை இயக்குநரும் போட்ட சண்டை ஆகியவற்றுக்கு அந்தக் கூடங்களில் அதிக இடமில்லை. பக்கத்திலேயே இன்றும் படங்கள் எடுக்கப்படுகிற ஸ்டுடியோ இருக்கிறது. அந்தக் கதவு திறக்காது.

நம் பக்கத்து ஊரான ஹைதராபாத்தில் 1996 முதல் இயங்கும் ராமோஜி ஃபிலிம் சிட்டியிலும் இதே கணக்குதான். தமிழிலும் தெலுங்கிலும் எடுத்த ‘பாகுபலி’யின் மகிழ்மதி செட்டை அங்கே நடந்து பார்க்கலாம். திரையில் அடிவானம் வரை விரிந்த அந்த நகரத்தின் பெரும்பகுதி அங்கே இல்லை. அது கிராஃபிக்ஸ் கலைஞர்களின் கணினியில் கட்டப்பட்டது. இவ்வளவுதானா என்று ஏமாறுகிற அந்த நொடியில் ஒருவர் கற்றுக்கொள்வது, மேடை போட்டு நடத்துகிற எந்த ஸ்டண்ட் காட்சியிலும் கிடைக்காது. சிங்கப்பூர் செந்தோசாவில் 2010இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோவோ பெயரில் மட்டும் ஸ்டுடியோ. படம் எடுப்பதற்காக அது கட்டப்படவே இல்லை.

கணினி வந்த பிறகு அமெரிக்கச் சுற்றுலாவின் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. 2008 ஜூனில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பிடித்த தீயில் இயந்திர கிங் காங் எரிந்துபோனது. 2010இல் அதன் இடத்துக்கு வந்தது, இருபுறமும் வளைந்த திரைகளுக்கு நடுவே டிராமை நிறுத்தி உலுக்குகிற ஒரு முப்பரிமாணப் படம். சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டக் கிளம்பிய வண்டியே சினிமா கொட்டகையாகிவிட்டது. அங்கேயே, கூடுதல் கட்டணத்துக்கு ஒரு விஐபி சுற்றுலாவும் விற்கிறார்கள். அதில் வண்டியைவிட்டு இறங்கி முகப்புத் தெருக்களில் நடக்கலாம், படங்களுக்கான நாற்காலி, விளக்கு, தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் கிடங்குக்குள் போகலாம். எதுவும் எழாத, எதுவும் விழாத அந்தக் கிடங்கைப் பார்க்கத்தான் டிக்கெட் விலை அதிகம்.