ஜீப்பின் கியர் பாக்ஸ்: இறக்குவதும் ஏற்றுவதும்

ஆரியங்காவு கணவாயிலிருந்து புளியரை வளைவுகள் வழியாகச் செங்கோட்டைக்கு இறங்கும் சாலையில், கியர் பாக்ஸ் தேய்ந்த பழைய ஜீப்பை ஓட்டுவது ஆபத்தானது. இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டு, வேகத்தை எஞ்சின் கட்டுக்குள் வைத்திருக்கும் என்று நம்பி வரும்போது லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளிவிடும். எஞ்சினின் பிடி அதோடு போய்விடும். வண்டியின் முழு எடையும் டிரம் பிரேக்கின் மேல் வந்து விழும். லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அது தீர்வே அல்ல. பல்லும் பேரிங்கும் தேய்ந்துவிட்டன, கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும் என்பதற்கு லீவர் துள்ளுவதே அறிகுறி.

வில்லிஸ் நிறுவனத்தின் சி.ஜே.3பி மாடல் அமெரிக்காவில் 1953-இல் வந்து 1968-இல் நின்றுபோனது. இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் அதே உருவத்தை அதற்குப் பிறகும் நெடுங்காலம் தயாரித்தது. அதனால்தான் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அதன் உயர்ந்த பானட்டை இன்றும் காண முடிகிறது. அசல் சி.ஜே.3பி-யில் இருப்பது டி-90 என்னும் மூன்று கியர் பெட்டி. அதன் முதுகில் போல்ட் போட்டு இணைத்திருப்பது டிரான்ஸ்பர் கேஸ். எஞ்சின் விசையை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது இதுதான். ஓட்டுநர் பக்கத்தில் மூன்று லீவர்கள் நிற்பதற்குக் காரணமும் இதுவே.

இந்தச் சிறிய வண்டி எஸ்டேட் பாதையில் ஏறுவதன் ரகசியம் ஒரு பெருக்கல் கணக்கில் இருக்கிறது. முதல் கியரின் விகிதம் 2.798. டிரான்ஸ்பர் கேஸின் லோ விகிதம் 2.46. ஆக்சிலின் விகிதம் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். எஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று போகும். வேகம் அந்த அளவுக்குக் குறைவதால் இழுவை அந்த அளவுக்குக் கூடுகிறது.

இறக்கும் வேலையில் பலமும் பொறுமையும் வேண்டும், நுட்பம் அவ்வளவாக வேண்டாம். முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். சக்கரங்களுக்கு அடை கொடுக்க வேண்டும். குற்றாலத்துச் சாரலில் ஊறிய மண்தரையில் ஜாக்கி மட்டும் போதவே போதாது. சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ கனமான கட்டையோ வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. பிறகு கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டின் ஆயிலையும் வடிக்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தால் ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. பித்தளை நிறத்தில் பொடி மின்னினால் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. இரும்புத் துணுக்கு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. ஆகவே வடித்த ஆயிலைப் பார்க்காமல் கொட்டிவிடாதீர்கள்.

உள்ளே மிதிபலகையின் நடுத் தகட்டைக் கழற்றினால் லீவர்கள் கைக்கு எட்டும். கீழே முன், பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டுகளைப் பிரிக்கும்போது அவற்றின் முனையில் உள்ள கிராஸின் மூடிகளை உடனே டேப் போட்டுச் சுற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஊசி போன்ற சிறு உருளைகள் உதிர்ந்து மண்ணில் காணாமல் போகும். ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக், கிளட்ச் இணைப்பு ஆகியவை அடுத்து. பின்பக்கத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றினால் எஞ்சின் பின்னால் சாயும். அதற்கு முன்பே ஆயில் பானுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்திருக்க வேண்டும். கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் சேர்ந்து, ஒருவர் தனியாகத் தாங்கக் கூடாத கனம். இன்னொரு ஜாக்கி அதற்கு. பெல் ஹவுசிங்கோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, நேர்கோட்டில் பின்னால் இழுத்து, கிளட்ச் ஷாஃப்ட் முழுதும் வெளியே வந்த பிறகே கீழே இறக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட்டைப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனி, ஆடியில் வாரக்கணக்காக நிற்கும் ஜீப்பில் ஈரம் பெல் ஹவுசிங்குக்குள் புகுந்து பிளைவீல் துருப்பிடிக்கும். கிளட்ச் பிளேட் அந்தத் துருவோடு ஒட்டிக்கொள்ளும். மிதியை எவ்வளவு மிதித்தாலும் கிளட்ச் பிரியாது, கியர் விழாது. கியர் பாக்ஸ்தான் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில் இருக்கும் பைலட் புஷ் நான்கையும் சோதித்துவிட வேண்டும். புஷ் சிறிய சாமான்தான். அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு சத்தம் கேட்டால், மறுபடி முழுதும் இறக்க வேண்டும்.

மெக்கானிக்கின் தரம் தெரிவது ஏற்றும்போதுதான். கிளட்ச் ஷாஃப்ட் மூன்று இடங்களைக் கடந்து போக வேண்டும்: ரிலீஸ் பேரிங்கின் துளை, கிளட்ச் பிளேட்டின் பள்ளங்கள், கடைசியில் பைலட் புஷ். மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் ஷாஃப்ட் தானாக வழுக்கிப் போய் உட்காரும். பிரஷர் பிளேட்டை முறுக்குவதற்கு முன்பே, ஒரு பழைய கிளட்ச் ஷாஃப்ட்டைச் செருகிப் பிளேட்டை மையத்துக்குக் கொண்டுவருவது அதற்காகத்தான். பல்லும் பள்ளமும் பொருந்தவில்லையென்றால் கியரில் போட்டுவிட்டு, பின்னால் இருக்கும் பிளேஞ்சைக் கையால் மெல்லத் திருப்பினால் ஷாஃப்ட்டும் திரும்பும், வழி கிடைக்கும். பள்ளங்களில் கிரீஸ் மெலிதாகத் தடவினால் போதும். கூடினால் தெறித்து லைனிங்கில் பட்டுக் கிளட்ச் வழுக்கும்.

உதவிக்கு நிற்கும் பையனிடம் மூத்த மெக்கானிக் அதட்டிச் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: "ஏலே, போல்ட்ட வச்சு இழுக்காத!" கடைசி ஓர் அங்குலம் இடைவெளி இருக்கும்போது, போல்ட்டைப் போட்டு முறுக்கினால் சேர்ந்துவிடும் என்று தோன்றும். சேரும்தான். ஆனால் வார்ப்பிரும்புக் கூட்டின் காது உடையும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணும். கியர் பாக்ஸின் கனத்தை ஷாஃப்ட்டில் தொங்கவிட்டாலும் இதே கேடுதான். இரண்டு முகங்களும் கைத்தள்ளலிலேயே ஒட்டிய பிறகுதான் போல்ட்டுக்கு வேலை. முகங்களுக்கு நடுவே மண்ணோ பிசிரோ மாட்டிக் கோணலாக உட்கார்ந்தால், புதுச் சாமான் போட்ட பெட்டியிலும் கியர் துள்ளும். ஆகவே பெல் ஹவுசிங்கின் முகத்தைத் துடைக்கச் செலவிடும் நேரத்தை வீண் என்று நினைக்கக் கூடாது.

ஆயில் வாங்கும்போது 90 கிரேடு என்று மட்டும் கேட்காமல், ஜி.எல்.4 என்று சொல்லிக் கேளுங்கள். ஜி.எல்.5 ஆயிலில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஊற்றும் துளையில் ஆயில் வழியும் வரை இரண்டு பெட்டிகளையும் நிரப்ப வேண்டும். கிளட்ச் மிதியில் முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுழன்று சீக்கிரம் போய்விடும். முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகே அதைப் போடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் எல்லா போல்ட்டுகளையும் ஒரு முறை முறுக்கிப் பாருங்கள்.

சாரல் மாதங்களில் ஜீப்பைக் கொட்டகையில் நிறுத்துகிறவர்கள் வாரம் ஒரு நாளாவது அதை எடுத்து, எல்லா கியரையும் மாற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கிளட்ச் பிளேட் ஒட்டாது. அதற்காக ஒரு முறை கியர் பாக்ஸை இறக்கும் செலவும் மிஞ்சும்.